சாலைக்குப் பணம், பூங்காவுக்கு நிலம்: நகர்மன்றங்கள் முடிவெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் எந்த நகர்மன்றக் கூட்டத்துக்குப் போனாலும் இரண்டு புகார்கள் கட்டாயம் காதில் விழும். தெருவில் சாலை சரியில்லை. பிள்ளைகள் விளையாட இடமில்லை. முதலாவதற்குப் பணம் வேண்டும், இரண்டாவதற்கு நிலம் வேண்டும். இவை எங்கிருந்து வருகின்றன, யார் மேசையில் நிற்கின்றன, எந்தக் கட்டத்தில் நாம் பேசினால் பலன் உண்டு என்று குடியிருப்போர் சங்கங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றையும் மனத்தில் வைத்து எழுதியது இது. கிராம ஊராட்சிக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

எங்கள் ஊர்ச் சாலை யாருடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புகார் எழுதும் முன் தீர்க்க வேண்டிய முதல் சந்தேகம் இதுதான். ஊருக்குள் ஓடும் சாலைகள் எல்லாம் நகராட்சிக்குச் சொந்தமானவை அல்ல. கடைத்தெரு வழியாகப் போகும் பெரிய சாலை பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கும். மைல்கல்லின் தலை மஞ்சள் நிறமானால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையானால் மாநில நெடுஞ்சாலை. மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை என்ற வகைகளும் நெடுஞ்சாலைத் துறைக்கு உரியவையே. அந்தச் சாலையில் உள்ள பள்ளத்துக்காக வார்டு உறுப்பினரைத் திட்டிப் பயனில்லை. அவர் தீர்மானம் போட்டுக் கோரிக்கை அனுப்பலாம், அவ்வளவுதான்.

குழப்பம் கூடுவது எங்கே என்றால், சாலை ஒரு துறையுடையதாகவும், அதன் ஓரத்து மழைநீர் வடிகால் இன்னொருவருடையதாகவும், தெருவிளக்கு நகராட்சியுடையதாகவும் இருக்கும் இடங்களில்தான். சென்னையில் மாநகராட்சிச் சாலைகளுக்குள்ளேயே பிரிவு உண்டு. பேருந்து ஓடும் சாலைகள் சுமார் 387 கிலோமீட்டர். அவற்றைத் தனித் துறை கவனிக்கிறது. உட்புறத் தெருக்கள் 5,000 கிலோமீட்டருக்கும் மேல். அவை மண்டல அலுவலகங்களின் பொறுப்பு. ஆகவே மனுவின் முதல் வரியிலேயே, 'இச்சாலை தங்கள் பராமரிப்பில் உள்ளதா?' என்று கேட்டுவிடுங்கள். மனு மூன்று அலுவலகங்கள் சுற்றுவது மிச்சமாகும்.

வண்டி வாங்கும்போதே சாலை வரி கட்டினேன். அந்தப் பணம் என் தெருவுக்கு வராதா?

நேரடியாக வராது. வண்டிப் பதிவின்போது நீங்கள் கட்டுவது மோட்டார் வாகன வரி. தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம், 1974இன்படி அது மாநில அரசின் கருவூலத்துக்குப் போகிறது. அதைச் சாலைக்கே செலவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெட்ரோல், டீசல் மீது மத்திய அரசு வசூலிக்கும் சாலை மேல்வரி தேசிய, மாநிலச் சாலைகளுக்கும் பிற கட்டமைப்புகளுக்கும் போகிறது. சுங்கச்சாவடிக் கட்டணமும் உங்கள் தெருப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. 'சாலை வரி' என்று பேச்சுவழக்கில் பெயர் நிலைத்துவிட்டதால் வரும் கோபம் இது. கோபம் நியாயமானது, போய்ச் சேரும் முகவரிதான் தவறு.

அப்படியானால் நகராட்சி எந்தப் பணத்தில் சாலை போடுகிறது?

சொந்த வருவாய், மாநில அரசின் பங்கு, மத்திய நிதிக்குழு மானியம், திட்ட நிதி, கடன் ஆகிய ஐந்தையும் கலந்துதான்.

சொந்த வருவாயில் முதலிடம் சொத்து வரிக்கு. அதன்பின் காலிமனை வரி, தொழில் வரி, பேருந்து நிலையக் கடை வாடகை போன்றவை. ஆனால் நீங்கள் கட்டும் சொத்து வரி முழுவதும் சாலைக்குக் கிடைக்காது. அதோடு வசூலாகும் நூலக வரி நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. கல்விக்கான பங்கு தனிக் கணக்கு. குடிநீர், வடிகாலுக்குத் தனி நிதி. மீதியில் சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்கு மின்கட்டணம், குப்பை அள்ளும் செலவு எல்லாம் போன பிறகு பல சிறிய நகராட்சிகளில் சாலைக்கு நிற்பது சொற்பம்.

மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. 15ஆவது மத்திய நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குச் சிறு நகரங்களுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டது. மீதி 40 சதவீதம்தான் மன்றம் தன் விருப்பப்படி செலவிடக்கூடியது. சொத்து வரியை மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஏற்ப உயர்த்தினால்தான் மானியம் என்ற நிபந்தனையையும் அந்தக் குழு போட்டது. 2022இல் தமிழகம் முழுவதும் சொத்து வரி ஏறியதற்கு அரசு சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று.

பெரிய சாலைப் பணிகள் பெரும்பாலும் திட்ட நிதியில்தான் நடக்கின்றன: தமிழ்நாடு நகர்ப்புறச் சாலை உட்கட்டமைப்பு நிதி, நகர்ப்புறச் சாலை மேம்பாட்டுத் திட்டம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்றவை. இதன் பின்விளைவு ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. திட்ட நிதி புதிதாகப் போடுவதற்கு வரும், பராமரிப்புக்கு வராது. பள்ளம் சிறியதாக இருக்கும்போது மூடச் சொந்த நிதி இல்லை. சாலையே போன பிறகு புதிதாகப் போடத் திட்ட நிதி உண்டு. சாலை கெட்டுத் தீரும்வரை காத்திருப்பதே நகராட்சிக்கு வசதி என்ற விசித்திர நிலைமை இப்படித்தான் உருவாகிறது.

எம்.எல்.ஏ., எம்.பி. நிதியில் சாலை கேட்கலாமா?

கேட்கலாம். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், சட்டமன்ற உறுப்பினருக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. ஒரு தொகுதியின் பரப்போடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை இல்லை. ஒரு தெரு, ஒரு சிறுபாலம், ஒரு விளையாட்டுத் திடலின் சுற்றுச்சுவர் என்ற அளவிலான வேலைக்கு ஏற்றது. 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டினால் மீதியை அரசு தரும். வசதியான குடியிருப்புகள் இதைப் பயன்படுத்தி முன்னே போய்விடுகின்றன; பங்குத் தொகை திரட்ட முடியாத தெருக்கள் பின்தங்குகின்றன. திட்டம் நல்லதுதான். ஆனால் எந்தெந்த வார்டுகள் அதைப் பெற்றன என்ற பட்டியலை மன்றத்தில் ஆண்டுக்கு ஒருமுறை வாசித்தால் இன்னும் நல்லது.

மன்றக் கூட்டத்தில் உண்மையில் விவாதம் நடக்கிறதா, 'ஆல் பாஸ்' தானா?

பெரும்பாலும் 'ஆல் பாஸ்' தான். மன்றத்தின் ஒப்புதலுக்கு வைக்கும் ஒவ்வொரு விஷயத்துக்கும் 'பொருள்' என்று பெயர். அவற்றின் எண்களை எழுத்தர் வேகமாக வாசிப்பார், மேசை தட்டப்படும், தீர்மானம் நிறைவேறும். நடுவில் யாராவது எழுந்து குடிநீர் வரவில்லை என்பார். சிறிது சத்தம், சில சமயம் வெளிநடப்பு. மறுநாள் செய்தித்தாளில் வெளிநடப்பு வரும், நிறைவேறிய சாலைப் பொருள்கள் வராது.

இதனால் மன்றம் வீண் என்று நினைத்துவிட வேண்டாம். முடிவு அங்கே பதிவாகிறது. ஆனால் உருவாவது அதற்கு முன்பே. உறுப்பினர் கடிதம் கொடுக்கிறார், உதவிப் பொறியாளர் வந்து அளவெடுக்கிறார், மதிப்பீடு தயாராகிறது. அந்த மதிப்பீடுதான் பொருளாக மன்றத்துக்கு வருகிறது. பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை. எந்தத் தெரு, எத்தனை மீட்டர், தாரா சிமென்ட்டா பேவர் பிளாக்கா, வடிகால் உண்டா இல்லையா என்பதெல்லாம் மதிப்பீட்டில் எழுதப்பட்ட பிறகு கூட்டத்தில் யாரும் மாற்றுவது அரிது. அளவெடுக்க வரும் நாளில் தெருவில் நிற்பது, கூட்ட நாளில் கோஷம் போடுவதைவிடப் பலன் தரும்.

கூட்டப் பொருள்களில் 'பின்னேற்பு' என்று ஒரு வகை உண்டு. அவசரம் என்று சொல்லி ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கு மன்றத்தின் ஒப்புதலைப் பின்னால் பெறுவது. வெள்ளக் காலத்தில் இது தவிர்க்க முடியாதது. கோடை நடுவிலும் பின்னேற்புப் பொருள்கள் வரிசையாக வந்தால், 'என்ன அவசரம்?' என்று உங்கள் உறுப்பினரைக் கேட்கச் சொல்லுங்கள். 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். கேள்வி கேட்கும் பழக்கம் சில ஊர்களில் தேய்ந்துபோனதற்கு அந்த ஐந்தரை ஆண்டுகளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

எந்தத் தெருவுக்கு முதலில் என்று தீர்மானிக்க முறை எதுவும் உண்டா?

முறை என்றால், வார்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பதுதான் நடைமுறையில் அதிகம் கண்ணில் படுகிறது. உறுப்பினர்களுக்குள் சண்டை வராமல் காக்கும் ஏற்பாடு அது. சாலைகளின் நிலைமையைப் பொருட்படுத்தாத ஏற்பாடும் அதுவே. புதிதாக நகரத்தோடு சேர்ந்த வார்டில் மண்சாலை பாதிக்குப் பாதி இருக்கும். பழைய வார்டில் சிமென்ட் சாலைக்கு மேல் பேவர் பிளாக் பதித்துக்கொண்டிருப்பார்கள். இருவருக்கும் ஒரே தொகை.

செய்ய வேண்டியது கடினமில்லை. ஒவ்வொரு தெருவையும் கடைசியாக எந்த ஆண்டு போட்டது, எந்த நிதி, இப்போது நிலை என்ன என்று ஒரு பதிவேட்டில் எழுதி, அதைப் பொதுவில் வைத்தால் போதும். பதிவேடு வந்துவிட்டால் 'என் தெருவுக்கு ஏன் இல்லை?' என்ற கேள்விக்கு ஆளைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

சாலை போடப் போட வீடு தாழ்ந்துகொண்டே போகிறதே?

பழைய அடுக்கைச் சுரண்டாமல் அதன்மேல் புதிதாகப் போடுவதால் வரும் கேடு இது. ஒவ்வொரு முறையும் சில சென்டிமீட்டர் ஏறி, மழைத் தண்ணீர் வாசலுக்குள் வருகிறது. 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்துக்குத்தான் புதிய அடுக்கு போட வேண்டும் என்று துறைகளுக்கு அறிவுறுத்தினார். ஆகவே இது சலுகையாகக் கேட்கும் விஷயமில்லை. சுரண்டும் வேலை மதிப்பீட்டில் ஒரு தனி இனமாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அதற்கும் பணம் தரப்படுகிறது. செய்யாமல் விட்டால் அது வெறும் அலட்சியம் என்பதோடு நிற்காது, செய்யாத வேலைக்குப் பில் போட்டதாகும்.

போன ஆண்டு போட்ட சாலை ஏன் இந்த ஆண்டே பெயர்கிறது?

ஊழல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடத் தோன்றும். அதுவும் உண்டு, அது மட்டும் இல்லை.

தாருக்கு முதல் எதிரி தேங்கும் தண்ணீர். வடிகால் இல்லாத தெருவில் போடும் தார்ச்சாலை எவ்வளவு நேர்மையாகப் போட்டாலும் நீண்ட நாள் நிற்காது. அடுத்தது பாரம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை இரவுபகலாக ஓட்டி ஒரு பெரிய சோதனை செய்தார்கள். அதிலிருந்து பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட பாடம்: ஓர் அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது. உங்கள் தெருவில் ஆயிரம் ஸ்கூட்டர் போவது சாலைக்குப் பொருட்டே இல்லை. தினமும் வரும் தண்ணீர் லாரியும், கட்டுமானத்துக்கு எம்-சாண்ட் ஏற்றிவரும் டிப்பரும்தான் அதைத் தின்கின்றன. இலேசான தெருச் சாலைக்கான கனத்தில் போட்டுவிட்டு அதில் டிப்பரை விட்டால் என்ன ஆகும்?

மூன்றாவது, வெட்டு. சாலை போட்ட பின் குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடை இணைப்புக்கும் கேபிளுக்கும் வெட்டுகிறார்கள். வெட்டுபவரிடம் சீரமைப்புக் கட்டணம் முன்கூட்டியே வசூலிக்கப்படுகிறது. அந்தப் பணம் அதே தெருவுக்குத் திரும்புகிறதா என்பது மன்றத்தில் அபூர்வமாகவே கேட்கப்படும் கேள்வி. பாதாளச் சாக்கடைத் திட்டம் வரப்போகும் தெருவுக்கு ஓராண்டு பொறுத்திருக்கச் சொன்னால் மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று உறுப்பினர்கள் பயப்படுகிறார்கள். காரணத்தையும் தேதியையும் எழுதி ஒட்டினால் ஏற்பார்கள் என்றே நினைக்கிறேன்.

ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று எழுதியிருக்கும். அந்தக் காலத்துக்குள் சாலை பெயர்ந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அதற்காகவே அவருடைய வைப்புத்தொகை நகராட்சியிடம் இருக்கிறது. பணம் திருப்பித் தரப்பட்ட மறுநாள் புகார் கொடுத்துப் பயனில்லை.

பூங்காவுக்கு நகராட்சி நிலம் வாங்குமா?

விலைக்கு வாங்குவது அபூர்வம். பெரும்பாலான வெளிநாட்டு நகரங்களின் செய்திகளில் படிப்பதுபோல, 'இத்தனை கோடிக்கு இந்த நிலத்தைப் பூங்காவுக்காக வாங்கலாமா?' என்ற வாக்கெடுப்பு நம் நகர்மன்றங்களில் நடப்பதில்லை. பூங்காவும் விளையாட்டுத் திடலும் அரசியலமைப்பின் 12ஆவது அட்டவணையில், சாலை, பாலங்களோடு ஒன்றாக நகராட்சிக்குரிய பணிகளில் இருக்கின்றன; ஆனால் கையில் காசு இல்லை.

நமக்குப் பூங்கா நிலம் வரும் வழிகள் வேறு. முதலாவது, மனைப்பிரிவு போடுபவர் சட்டப்படி விட்டுத்தரும் திறந்தவெளி ஒதுக்கீடு. இரண்டாவது, அரசுப் புறம்போக்கு. மூன்றாவது, குத்தகைக்குப் போன அரசு நிலத்தை மீட்பது. சென்னையின் மையத்தில் இந்த நூற்றாண்டில் கிடைத்த பெரிய பூங்காக்கள் இந்த மூன்றாவது வழியில் வந்தவை. 2010இல் திறந்த செம்மொழிப் பூங்காவும், அதற்கு எதிரே 2024 அக்டோபரில் 6.09 ஏக்கரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் மீட்கப்பட்ட அரசு நிலத்தில் அமைந்தவை. ஆகவே 'பூங்காவுக்கு நிலமே இல்லை' என்ற பதிலைக் கேட்டால் உடனே நம்ப வேண்டாம். முதலில் நகராட்சியின் சொத்துப் பதிவேட்டைக் கேளுங்கள்.

மனைப்பிரிவில் 10 சதவீதம் என்கிறார்களே, கணக்கு எப்படி?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, 3,000 சதுர மீட்டருக்குக் குறைவான மனைக்கு இந்தக் கடமை இல்லை. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை, சாலைகளைக் கழித்த பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும். இயலாத நிலையில் அதற்குச் சமமான நிலத்தின் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பணம் கட்டித் தப்ப முடியாது. நிலமாகவே, பதிவுசெய்த தானப் பத்திரம் மூலம் இலவசமாக ஒப்படைக்க வேண்டும்.

ஐந்து ஏக்கர் மனைப்பிரிவு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 500 சென்ட். சாலைகளுக்கு 150 சென்ட் போனால் மீதி 350. அதில் பத்தில் ஒன்று, 35 சென்ட், ஊருக்கு. ஒரு நல்ல சிறுவர் பூங்காவுக்கு அது தாராளம். நகரைச் சுற்றி இருபது முப்பது ஆண்டுகளாக முளைத்த மனைப்பிரிவுகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு துண்டு ஊர் பெயரில் இருந்தாக வேண்டும்.

இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பத்திரம் பதிவாகி, பட்டா மாறாமல் கிடக்கும். வேலி போடாத இடத்தில் முதலில் கார் நிற்கும், பிறகு மாட்டுக் கொட்டகை வரும், பிறகு ஒரு சிறு கோயில், பிறகு ஒரு கட்சிக் கொடிக்கம்பம். பத்து ஆண்டு கழித்து யாராவது அதையே மனையாகப் பிரித்து விற்றிருப்பார்கள். விற்பனைக்கு வந்த ஐந்து ஏக்கரைத் தேடி அலையும் மன்றம், தன் பெயரிலேயே சிதறிக் கிடக்கும் முப்பது துண்டுகளை அளந்து கல் நட்டால் கிடைக்கும் பசுமை அதைவிட அதிகம். செலவோ சர்வேயர் கட்டணமும் கம்பிவேலியும்தான். இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றை மட்டும் உங்கள் உறுப்பினரிடம் கொண்டுபோக முடியுமானால், இதைக் கொண்டுபோங்கள்.

அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளின் கதை வேறு. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. அதன்பின் 2017இல், கட்டணம் வாங்கிக்கொண்டு அவற்றை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. பல இடங்களில் பூங்காவுக்கு விட ஒரு சென்ட்கூட மீதமிருக்கவில்லை. கட்டணத்தோடு விஷயம் முடிந்தது. அந்தப் பகுதிகளில் பூங்கா வேண்டுமானால் நிஜமாகவே நிலம் தேட வேண்டியதுதான்.

நிலத்துக்குப் பதிலாகக் கட்டிய பணம் என்ன ஆகிறது?

நியாயப்படி அது இன்னோர் இடத்தில் திறந்தவெளி உண்டாக்கப் பயன்பட வேண்டும். வரவுசெலவு அறிக்கையில் அந்தத் தொகை எந்தத் தலைப்பில் நிற்கிறது, எவ்வளவு செலவானது என்று மன்றத்தில் கேட்கச் செய்யுங்கள்.

முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) எங்கள் பக்கத்து நிலம் பச்சையாக இருக்கிறது. அது பூங்காவாகுமா?

ஆகலாம், ஆகாமலும் போகலாம். வரைபடத்தில் பச்சை பூசுவதால் நிலம் அரசுக்குச் சொந்தமாகிவிடாது. தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971இன் 38ஆவது பிரிவின்படி, ஒதுக்கிய நிலத்தைக் குறிப்பிட்ட மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தவோ உடன்பாட்டின்பேரில் வாங்கவோ செய்யாவிட்டால் அது ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும். உரிமையாளர் பக்கமும் நியாயம் உண்டு. விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் ஒருவரை எத்தனை காலம் நிறுத்தி வைப்பது? அவர் நீதிமன்றம் போனால் பெரும்பாலும் இந்தப் பிரிவைத்தான் காட்டுவார். ஆகவே திட்டம் வெளியான முதல் ஆண்டிலேயே பணத்தைப் பற்றிப் பேசாத மன்றம், அந்தப் பூங்காவைக் காகிதத்திலேயே விட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

விலைக்கு வாங்கத்தான் வேண்டும் என்றால்?

கட்டாயக் கையகப்படுத்தலுக்கு 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 2013ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தல் சட்டம் பொருந்தும். சந்தை மதிப்போடு அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்த்துத் தர வேண்டும் என்பதால் நகருக்குள் செலவு எகிறிவிடும். தனிப்பேச்சு மூலம் உடன்பாட்டு விலைக்கு வாங்குவது இன்னொரு வழி. இதில் விலை நிர்ணயம் வெளிப்படையாக இல்லாவிட்டால் பூங்காவோடு புகாரும் சேர்ந்து வரும். பணம் தராமல், உரிமையாளருக்கு வேறிடத்தில் கூடுதலாகக் கட்டும் உரிமை தந்து நிலத்தைப் பெறும் மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை என்ற ஏற்பாடும் விதிகளில் உண்டு. கட்டட நெருக்கடி உள்ள பெரிய நகரங்களில்தான் அதற்கு மதிப்பு. அதை வாங்க ஆளில்லாத சிறு நகரத்தில் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

பூங்கா நிலத்தில் சமுதாயக்கூடமோ தண்ணீர்த் தொட்டியோ நகராட்சியே கட்டலாமா?

நகராட்சியின் பெயரில் இருப்பதால் நகராட்சி நினைத்ததையெல்லாம் கட்டிவிட முடியாது. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் (பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறை)ச் சட்டம் என்று 1959ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் பூங்காக்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை, முத்தப்பா வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

நல்ல காரியங்கள்தான் பூங்காவைத் தின்றிருக்கின்றன. சென்னையில் ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் 1859இல் திட்டமிட்ட பீப்பிள்ஸ் பார்க் 116 ஏக்கர். குளங்களும் பின்னர் மிருகக்காட்சிசாலையும் இருந்த இடம். 1888இல் விக்டோரியா பொது மண்டபம் அங்கே எழுந்தது. 1900இல் மூர் மார்க்கெட். பிறகு ரயில்வே, விளையாட்டரங்கம். மிருகக்காட்சிசாலை வண்டலூருக்குப் போய்விட்டது. 1913இல் திறந்த ரிப்பன் மாளிகையும், அதாவது மாநகராட்சியின் தலைமையகமே, அந்தப் பூங்கா நிலத்தில்தான் நிற்கிறது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும். அடுத்த முறை, 'ஒரு மூலையில் சின்னதாக ஒரு கட்டடம்தானே' என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஏரி, குளக்கரைப் புறம்போக்கைப் பூங்காவாக்கலாமா?

கரையில் நடைபாதை, மரம், இருக்கை போடலாம். பல ஊர்களில் போட்டிருக்கிறார்கள். நீர்ப்பரப்பைக் குறுக்கி மண்கொட்டிப் பூங்கா அமைப்பது, இன்னோர் ஆக்கிரமிப்பை நகராட்சியே செய்வதாகும். அழகுபடுத்தும் திட்டத்தின் வரைபடத்தில் பழைய நீர்ப்பரப்பு எல்லை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பணம் ஒன்றுதான் இருக்கிறது. சாலையா, பூங்காவா?

இரண்டும் ஒரே வகைச் செலவு இல்லை. சாலை அடுத்த ஆண்டும் போடலாம். விலை கொஞ்சம் ஏறியிருக்கும், அவ்வளவுதான். நிலம் போனால் போனதுதான். அதில் அடுக்ககம் வந்தபிறகு எந்த மன்றமும் அதை இடித்துப் பூங்கா போடாது. ஆகவே உண்மையில் கைநழுவப் போகும் ஒரு நிலம் எதிரே இருந்தால், என் ஓட்டு நிலத்துக்கே. மற்ற நேரங்களில், வடிகாலோடு கூடிய சாலைக்கு.

ஒரே ஒரு நிபந்தனை. பூங்கா திறப்பதோடு செலவு நிற்காது. காவலர், தண்ணீர், விளக்கு, தோட்டக்காரர், கழிப்பறை ஆகியவற்றுக்கு மாதந்தோறும் பணம் வேண்டும். 2015இல் தொடங்கிய, மத்திய அரசின் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டமான அம்ருத்தில் பூங்காக்களுக்கென்று 2.5 சதவீதம் ஒதுக்கினார்கள். பல ஊர்களில் ஊஞ்சலும் சறுக்குமரமும் வந்தன. அவற்றைப் பராமரிப்பது ஊரின் சொந்த நிதியில். அந்தக் கணக்கைத் தீர்மானத்திலேயே எழுதாவிட்டால், இரண்டு ஆண்டில் பூட்டுப் போட்ட பூங்காவாகிவிடும்.

கிராம ஊராட்சியில் நிலைமை என்ன?

அங்கே நேரடியாகப் பேச இடம் உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். ஊராட்சிச் சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை என்ற பிரிவை மட்டும் கவனியுங்கள். 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டமும், இரண்டு ஆண்டில் 10,000 கிலோமீட்டர் என்று அறிவிக்கப்பட்ட முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டமும் பெரிய சாலைகளுக்கானவை. நகரை ஒட்டிய ஊராட்சிகளில் மனைப்பிரிவுகள் பெருகுவதால், பூங்கா நிலம் கைநழுவுவதும் இன்று அங்கேதான் அதிகம். தானமாக வந்த நிலங்களின் பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கிராம சபையில் கேளுங்கள்.

நகரத்தில் இருப்பவர் எங்கே, எப்போது பேசுவது?

வார்டு குழுவும், வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையும் அதற்காக ஏற்பட்டவை. 2022 நவம்பர் 1 அன்று, முதல்வர் மு.க. ஸ்டாலின் பம்மலில் நடந்த பகுதி சபையில் கலந்துகொண்டார். அன்று தமிழகம் முழுவதும் நடந்தன. அதன்பின் சில வார்டுகளில் ஒழுங்காக நடக்கின்றன, சிலவற்றில் கையெழுத்துப் புத்தகத்தில் மட்டும் நடக்கின்றன. வரவுசெலவுத் திட்டம் தயாராகும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பகுதி சபையில் வைக்கும் கோரிக்கைக்கு எடை அதிகம். மார்ச்சில் பட்ஜெட் வாசித்த பிறகு அடுத்த ஆண்டுதான்.

நகர்மன்றக் கூட்டம் பொதுவாகப் பார்வையாளர்களுக்குத் திறந்தது. தலைவர் வெளியேறச் சொல்லலாம். ஆனால் அமைதியாக உட்கார்ந்து குறிப்பெடுப்பவரை வெளியேற்றுவது அரிது. பேச அனுமதி இல்லை என்றாலும், பார்வையாளர் இருக்கையில் நாலு பேர் இருந்தால் பொருள்கள் சற்று மெதுவாக வாசிக்கப்படுகின்றன.

ஆவணம் வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. 'எங்கள் தெருச் சாலைபற்றிய எல்லா விவரமும் வேண்டும்' என்று எழுதாதீர்கள். மதிப்பீட்டின் நகல், செய்த வேலையின் அளவைப் பொறியாளர் பதியும் அளவுப் புத்தகத்தில் உங்கள் தெருவுக்கான பக்கங்கள், பணி முடிந்த தேதி, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி என்று குறிப்பாகக் கேளுங்கள். பூங்காவுக்கு என்றால், அங்கீகரித்த மனைப்பிரிவின் வரைபடமும் தானப் பத்திரத்தின் எண்ணும். அதிகம் பேர் பயன்படுத்தாத ஓர் உரிமையும் அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில் இருக்கிறது: பொருள்களின் சான்றளித்த மாதிரியைப் பெறலாம். உங்கள் தெருவில் போட்ட கலவையின் மாதிரியைக் கேட்டு மனு கொடுத்தால், பொறியாளர் நேரில் வந்து பேச வாய்ப்பு மிக அதிகம்.